சாவித் துளையில் ஈரமண்

மார்ச் 3

பூட்டுக்காரருக்கு,

வணக்கம். நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள்.

இந்த ஊர்க் கிடங்குக்கு மாற்றல் வாங்கி நான் கிளம்பிவந்த நான்கு மாதத்தில் இதுதான் முதல் கடிதம். கோபம் ஆறிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு காரியம் இருக்கிறது.

இத்துடன் என் அறைச் சாவி. பூட்டுக்காரருக்குச் சாவியைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இருந்தாலும் சாவி. கம்பி வேண்டாம்.

ஒரு பூச்சிக் காட்சியகத்தில் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். மாதிரிகளை இனம் பிரித்து, படம் வரைந்து, பெட்டியில் அடுக்கும் வேலை. கொல்லும் வேலை இல்லை. தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஏப்ரல் இருபதுக்குள் பட்டச் சான்றிதழின் அசல் போய்ச் சேர்ந்தால்தான் உத்தரவு. தவறினால் பட்டியலில் அடுத்த ஆள். அந்த ஊர் இங்கிருந்து இரண்டு நாள் ரயில்.

சுவர் அலமாரி, இரண்டாம் தட்டு, நீலக் கோப்பு. அது மட்டும். மேஜை இழுப்பறைப் பக்கம் போக வேண்டாம். அதன் சாவி என்னிடம் இருக்கிறது, இருக்கட்டும்.

கிடங்கில் எல்லாம் வழக்கம்போல. பதினோரு வருடமாகத் தானிய மூட்டைகளுக்குப் புகை மருந்து வைக்கிறேன். வண்டுகளுக்கு இன்னும் சலிக்கவில்லை. குடியிருப்பில் தராசு அக்காவின் அறையில் பாதி எனக்கு. பகலில் மூட்டை நிறுக்கிறார். தூங்கினால் அந்த மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போடுவதுபோல் குறட்டை.

கிடங்குக்காரி


மார்ச் 8

அன்புள்ள உனக்கு,

சாவி நேற்று வந்தது. கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு யாரும் சாவி கொடுத்ததில்லை. தொலைத்துவிட்டுத்தான் வருவார்கள்.

சாவி நுழையவில்லை. துளையில் மண்.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கைப்பழக்கம். மண்ணைக் கண்டதும் கம்பியை எடுத்துவிட்டேன். நீ வேண்டாம் என்று எழுதியதைப் படித்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கம்பி நுனியோடு ஒரு பச்சைப் புழு வந்தது. பின்னால் இன்னொன்று. செத்ததுபோல் கிடந்தது, ஊதினால் கால் அசைந்தது. உடைந்த மண் சில்லின் உள்பக்கம் ஒரு நூல். நூலின் நுனியில் அரிசிக் குருணை அளவில் என்னவோ தொங்கியது. விளக்கடிக்குக் கொண்டுபோவதற்குள் சுருங்கிவிட்டது.

அப்போது அது வந்தது. கறுப்பு உடம்பு, மஞ்சள் வளையம், பிடித்துக் கட்டியது போன்ற இடுப்பு. குளவி. வாயில் ஈரமண் உருண்டை. என் முகத்துக்கு நேரே அந்தரத்தில் நின்றது. கொட்டப்போகிறது என்று நினைத்தேன். கொட்டவில்லை. துளையைச் சுற்றி மூன்று முறை நடந்தது. உள்ளே போனது. வெளியே வந்தது. பிறகு முதலிலிருந்து மண்ணை ஒட்ட ஆரம்பித்தது.

அந்த மூன்று சுற்று மனதை விட்டுப் போகவில்லை. அன்று திறந்து கிடந்த இழுப்பறைக்கு முன்னால் நீ நின்றது நினைவு வந்தது.

கம்பியைப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

இன்னொரு வழி, கீல் ஆணியை இறக்கிக் கதவையே கழற்றுவது. ஆணிகள் துருவும் சாயமுமாக இறுகிப்போயிருக்கின்றன. சுத்தியலால் அடிக்க வேண்டும். அடித்தால் மண் உதிரும். செய் என்றால் செய்கிறேன். ஒரு வார்த்தை போதும்.

அதற்கு முன் ஒன்று கேட்கலாமா? அந்தப் புழு செத்ததா, உயிரோடு இருந்ததா? நூலில் தொங்கியது என்ன?

நான்தான்


மார்ச் 14

பூட்டுக்காரருக்கு,

ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கிறவர், சொந்த வீட்டுக் கதவுக்கு ஒரு குளவியைச் சாக்குச் சொல்கிறீர்கள். முதலில் நம்பவில்லை. நான் தூரமாகப் போய்விடக் கூடாது என்று நீங்கள் கட்டிய கதை என்றே நினைத்தேன். தராசு அக்காவிடம் சொன்னேன். “பூட்டுதான் பாப்பாருன்னு நெனச்சேன், உன் வீட்டுக்காரருக்குக் கதை கட்டவும் வருதே” என்றார்.

பிறகு அந்த நூலைப் பற்றி எழுதியிருந்த வரியை மறுபடி படித்தேன். அதைக் கட்ட முடியாது. பார்த்தால்தான் தெரியும்.

தொங்கியது முட்டை. குளவி முதலில் அறையின் கூரையில் ஒரு நூல் விட்டு, அதில் முட்டையைத் தொங்கவிடும். பிறகுதான் புழுக்களைக் கொண்டுவந்து அடைக்கும். ஏன் தொங்கவிடுகிறது என்று தீர்மானமாகத் தெரியாது. புழு புரண்டால் நசுங்காமல் இருக்க என்று சொல்வார்கள். புழு செத்ததில்லை. கொட்டி மயக்கியிருக்கிறது. செத்தால் அழுகிவிடும்; பொரித்து வரும் குஞ்சுக்கு அழுகல் ஆகாது. உயிரோடு வேண்டும், அசையாமலும் வேண்டும்.

கொடுமையாகத் தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது. அழகாகவும் தோன்றியது. இரண்டும் சேர்ந்து வந்தால் அதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை.

பூச்சிகளை இத்தனை காலம் நான் புகை மருந்து மாத்திரைக் கணக்கில்தான் அறிந்திருக்கிறேன். இந்த வண்டுக்கு இத்தனை, இந்த அந்துக்கு இத்தனை. மண்ணை எங்கிருந்து எடுக்கிறது என்று எந்தப் பூச்சியைப் பற்றியும் யோசித்ததில்லை. எங்கிருந்து எடுக்கிறது? ஒரு நடைக்கு எவ்வளவு நேரம்? எத்தனை புழு? எனக்குத் தெரிய வேண்டும். கேலி இல்லை.

பல்கலைக்கழகத்துக்கு நகல் சான்றிதழ் கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை கீலைத் தொட வேண்டாம்.

இன்னொன்று. குளவி அதே இடத்தில் மறுபடி கட்டியது என்றால் வேறு துளை கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம். மன்னித்துவிட்டது என்று அர்த்தமில்லை.

கிடங்குக்காரி


மார்ச் 22

அன்புள்ள உனக்கு,

ஸ்டூலைக் கதவுக்கு எதிரே போட்டுவிட்டேன். சாவி அராவும் வேலையும் இப்போது கூடத்தில்தான்.

மண்: பின்பக்கக் குழாய் சொட்டுகிறது, சொட்டுகிறது என்று ஒரு வருடம் சொன்னாயே, அந்த ஈரத்திலிருந்து. நல்லவேளை, நான் சரிசெய்யவில்லை.

நேரம்: மண் நடைக்கு நான்கு நிமிடம். புழு நடைக்கு இருபது நிமிடமும் ஆகும், ஒரு மணியும் ஆகும். மதில்வரைதான் என் கண் போகிறது. அதற்கு அப்பால் அதன் வேலை.

புழு: பதின்மூன்று. எல்லாம் ஒரே பச்சை. தன்னைவிடப் பெரியதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வருகிறது. துளை வாயில் ஒரு கணம் தடுமாறும். நானும் இங்கே மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

நீ கேட்காத ஒன்று. மண்ணை வைத்துப் பூசும்போது ஒரு ரீங்காரம் எழுப்புகிறது. கதவில் காதை வைத்தால் மரம் முழுக்கக் கேட்கிறது. பூட்டில் காது வைப்பது என் தொழில். இருபத்திரண்டு வருடத்தில் எந்தப் பூட்டும் இப்படிப் பேசியதில்லை.

காதை வைத்திருந்த நேரம் பார்த்து மாடிவீட்டு மின்சாரக்காரர் வந்தார். “என்னண்ணே, உங்க வீட்டுப் பூட்டே உங்களுக்கு மசியலையா? நல்ல பூட்டுக்காரர் ஒருத்தரை அனுப்பட்டுமா?” என்றார். “மெல்லப் பேசுங்க, உள்ள ஆள் இருக்கு” என்றேன். அவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

பதினெட்டாம் தேதி ஒரு விருந்தாளி. ஈயைவிடக் கொஞ்சம் பெரிது. பச்சையா நீலமா என்று சொல்ல முடியவில்லை. திரும்பினால் செம்பு நிறம். தண்ணீரில் எண்ணெய் படர்ந்ததுபோல். இவ்வளவு அழகான உயிரை நான் கிட்டத்தில் பார்த்ததில்லை. நம் குளவி, பெரியவள், புழு தேடிப் போன நேரத்தில் வந்து, வாசலில் காத்திருந்து, பின்பக்கமாக உள்ளே நுழைந்தது. கூடம் இருட்டு. நன்றாகப் பார்க்கலாம் என்று டார்ச் பிடித்தேன். ஒரு நிமிடம் இருந்துவிட்டுப் போய்விட்டது.

பத்தொன்பதாம் தேதி மாலை பெரியவள் வாசலை மண்ணால் அடைத்துவிட்டாள். அப்புறம் வரவில்லை.

இரண்டு பேரையும் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். சிரித்தால் சிரித்துக்கொள். நான் சிரித்தேனே.

நான்தான்


மார்ச் 29

பூட்டுக்காரருக்கு,

அது விருந்தாளி இல்லை.

குயில், காக்கைக் கூட்டில் முட்டை வைப்பது மாதிரிதான். அந்தப் பச்சைக்காரி சொந்தமாகக் கூடு கட்டமாட்டாள். குளவி போன நேரம் பார்த்து உள்ளே தன் முட்டையை வைத்துவிடுவாள். அந்தக் குஞ்சு பொரித்து, குளவிக் குஞ்சையும் தின்று, அதற்கென்று வைத்த புழுக்களையும் தின்று வளரும். அதற்கு நீங்கள் டார்ச் பிடித்திருக்கிறீர்கள்.

தப்பு உங்களுடையது இல்லை. பார்த்தவர்கள் எல்லோரும் மயங்குவார்கள். கிடங்கில் உட்கார்ந்து படித்த நானே, அது என்ன என்று தெரிந்தும், அந்தச் செம்பு நிறம் எப்படி இருந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஆகவே உள்ளே இருப்பது நீங்கள் காவல் காப்பதாக நினைக்கிற உயிர் இல்லாமல் இருக்கலாம். பாதிக்குப் பாதி.

பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. நகலுக்கு மூன்று மாதம். எனக்கு இருப்பது மூன்று வாரம். கீலை அடித்துத் திறந்துவிடுங்கள். மண் உதிர்ந்தால் உதிரட்டும். இதை எழுதக் கை வரவில்லை. எழுதிவிட்டேன்.

நீங்கள் இழுப்பறையைப் பற்றி ஒரு வரி எழுதினீர்கள், நானும் எழுதிவிடுகிறேன். அன்று அண்ணனும் அண்ணியும் சாப்பிட வந்திருந்தார்கள். என் நோட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்து, “பாருங்க மச்சான், உங்க தங்கச்சி பகல்ல பூச்சியைக் கொல்லுது, சாயங்காலம் அதுக்கே படம் போடுது” என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணிகூட. எப்படித் திறந்தீர்கள் என்று கேட்டேன். “ஏழே வினாடி” என்றீர்கள். அதில் ஒரு பெருமை வேறு.

சிரித்ததைக்கூட விட்டுவிடலாம். யாரிடமும் காட்டாமல் வைத்துக்கொள்ள எனக்கு இருந்தது அந்த ஒன்றுதான். அன்றிலிருந்து ஒரு வண்டின் கால்கூட நான் வரையவில்லை.

கிடங்குக்காரி


ஏப்ரல் 5

அன்புள்ள உனக்கு,

சான்றிதழ் இத்துடன் இருக்கிறது. முதலில் அதை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு மீதியைப் படி.

நீ சொன்னதில் பாதியைத்தான் செய்தேன். அறை திறந்துவிட்டது. கீலை அடிக்கவில்லை.

கதவை அறுத்தேன்.

பூட்டைச் சுற்றி, ஒரு சாண் தள்ளி, மேலும் கீழும் பக்கவாட்டிலும். சின்னப் பல் ரம்பம். இரண்டு நாள் பகல் முழுக்க. நான்கு இழுப்பு, ஒரு நிறுத்தம், உள்ளங்கையை மரத்தில் வைத்து அதிர்வு அடங்கிவிட்டதா என்று பார்ப்பது, மறுபடி நான்கு இழுப்பு. பூட்டின் நாக்கு நிலையைக் கவ்விக்கொண்டிருக்கிறது அல்லவா? அதனால் அறுத்த துண்டு நிலையிலேயே நின்றுவிட்டது. கீழே ஒரு கட்டை முட்டுக்கொடுத்திருக்கிறேன். இப்போது கதவைத் தள்ளினால் கதவு மட்டும் போகிறது. பூட்டு, பூட்டியபடியே, இருந்த இடத்தில் இருக்கிறது. மண்ணில் ஒரு பொட்டு உதிரவில்லை.

நான் இதுவரை ஒரு கதவிலும் கீறல் விழவிட்டதில்லை. கதவை அறுக்கிறவன் பூட்டுக்காரன் இல்லை, திருடன் என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வேன். மாடிவீட்டுக்காரர் வந்து பார்த்தார். “கண்ணு வலிக்குதுன்னா முகத்தையே எடுத்துட்டீங்களேண்ணே” என்றார்.

உள்ளே போனேன். நீலக் கோப்பை எடுத்தேன். இழுப்பறை மேல் ஐந்து மாதத் தூசி. என் விரல் தடம் ஒன்றுகூட அதில் இல்லை.

உன் அறை இனிப் பூட்டாது. இதை எப்படி எழுதுவதென்று தெரியாமல் கடிதத்தை இரண்டு முறை கிழித்தேன். ஒரு திரை தைத்து மாட்டியிருக்கிறேன். திரை விலகினால் சரிசெய்துவிட்டு இந்தப் பக்கமே நிற்கிறேன்.

உள்ளே இருப்பது கறுப்பா பச்சையா என்று நீ எழுதியதிலிருந்து யோசித்தேன். கறுப்பென்றால் காப்பது, பச்சையென்றால் உடைப்பது என்று எனக்குச் செய்ய வரவில்லை. உள்ளே யாரோ. அது போதும். முன்பெல்லாம் உள்ளே என்ன என்று தெரியாவிட்டால் என் விரல் சும்மா இருக்காது. இப்போது தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. பெயர் தெரியவில்லை என்றாயே, அதுவாக இருக்கலாம்.

ஏழு வினாடியைப் பற்றி உனக்கு எழுத ஐந்து மாதமாக முயன்றேன். வந்தது இவ்வளவுதான். ஒரு கதவு.

நான்தான்


ஏப்ரல் 13

அன்புள்ள பூட்டுக்காரருக்கு,

சான்றிதழைக் கையோடு அனுப்பிவிட்டேன். போய்ச் சேர்ந்ததாகத் தந்தி வந்துவிட்டது. மே ஒன்றாம் தேதி ரயில்.

உங்கள் கடிதத்தை மூட்டைகளுக்கு நடுவில் நின்று படித்தேன். கதவு போய்ப் பூட்டு மட்டும் நிற்கிற இடத்தில் சிரித்துவிட்டேன். தராசு அக்கா தட்டைப் பிடித்து நிறுத்திவிட்டு “என்னடி” என்றார். படித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. “கதவையா அறுத்தாரு” என்று கேட்டுவிட்டு, ஒரே மூட்டையை இரண்டு முறை நிறுத்தார்.

அறை பூட்டாது என்பதைப் பற்றி இன்னும் யோசிக்கிறேன். திரை என்ன நிறம்?

உங்கள் படம். குளவிக்கு ஆறு கால். நீங்கள் எட்டுப் போட்டிருக்கிறீர்கள். பச்சைக்காரிக்கு ஐந்து. பார்க்கப் பொறுக்காமல் ஒரு தாளை எடுத்துத் திருத்த ஆரம்பித்தேன். இடுப்பு, இறக்கை மடிப்பு, முன்காலின் முள். ஆறாவது காலை முடித்து நிமிர்ந்தபோதுதான் உறைத்தது, வரைந்துகொண்டிருக்கிறேன் என்று.

நாட்கள் நெருங்குகின்றன. மண் மூடியை உள்ளிருந்து வட்டமாகக் கடித்துக்கொண்டு வரும். முதலில் உணர்கொம்பு தெரியும். எது வந்தாலும் விவரமாக எழுதுங்கள். நிறம் மட்டும் போதாது. வந்ததும் என்ன செய்கிறது? உடனே பறக்கிறதா, நின்று பார்க்கிறதா? கண்ணை எடுக்காதீர்கள்.

கிடங்குக்காரி, இன்னும் பதினெட்டு நாளைக்கு


ஏப்ரல் 30

அன்புள்ள உனக்கு,

இது உன் புது முகவரிக்கு.

திரை சாம்பல் நிறம். வேறு துணி இல்லை.

பல் வைத்தியர் ஒருவரின் அறையில் சாவி உள்ளேயே ஒடிந்துவிட்டது. ஆட்கள் வீங்கிய கன்னத்தோடு வெளியே நிற்கிறார்கள் என்று ஓடிவந்து கூப்பிட்டார். போனேன். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். மூடியில் ஒரு துளை. வட்டம், மிளகு அளவு. தரையில் சிட்டிகை மண்.

நாற்பது நாள் உட்கார்ந்திருந்தேன். நாற்பது நிமிடம் போனேன்.

கூடத்தில் தேடினேன். ஜன்னல், விளக்கு மூடி, திரை மடிப்பு. கறுப்பும் இல்லை, பச்சையும் இல்லை. கொஞ்ச நேரம் வருத்தமாக இருந்தது. பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து நன்றாகச் சிரித்தேன். மாடியிலிருந்து “அண்ணே, உள்ள இருந்த ஆள் போயாச்சா?” என்று குரல். “போயாச்சு, சொல்லிக்காமப் போயாச்சு” என்றேன்.

எழுதிய பிறகுதான் பார்க்கிறேன், உன்னைச் சொன்னதுபோல் இருக்கிறது. இல்லை. நீ சொல்லிவிட்டுத்தான் போனாய். நான்தான் கேட்கவில்லை.

நிலையின் தகட்டைக் கழற்றி, பூட்டை மரத் துண்டோடு அப்படியே எடுத்துப் பஞ்சு சுற்றித் தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன். மூடி, கூடு, உள்ளே விட்டுப்போன கூட்டுப்புழுத் தோல் எல்லாம் இருக்கும். உனக்குத் தோலைப் பார்த்தாலே யார் என்று தெரிந்துவிடும். உன் அறைச் சாவியைக் கயிற்றில் கட்டியிருக்கிறேன். நான் போட்டுப் பார்க்கவில்லை.

பின்பக்கக் குழாயை இன்னும் சரிசெய்யவில்லை. யாராவது வரலாம்.

நான்தான்


மே 12

அன்புள்ள உங்களுக்கு,

பொட்டலம் வந்தது. சுங்கச் சாவடியைத் தாண்டிக் கடத்திவந்ததுபோல் அவ்வளவு பஞ்சு.

இங்கே என் மேஜை ஜன்னலோரம். சுவர் முழுக்கக் கண்ணாடி இழுப்பறைகள். ஒன்றுக்கும் பூட்டு இல்லை. யார் வேண்டுமானாலும் இழுத்துப் பார்க்கலாம், பார்த்துவிட்டு மூட வேண்டும். அவ்வளவுதான் விதி. முதல் நாள் சங்கடமாக இருந்தது. இப்போது பழகிவிட்டது. பச்சைக்காரிகள் ஒரு இழுப்பறை நிறைய இருக்கிறார்கள். ஊசியில் குத்திய பிறகும் அந்தச் செம்பு போகவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்ததில் ஒரு காலை வேளையே போய்விட்டது.

உங்கள் பூட்டு மேஜை மேல் இருக்கிறது. மிளகுத் துளை ஜன்னலைப் பார்த்தபடி. காட்சியகத் தலைவர் வந்து குனிந்து பார்த்தார். கூட்டைப் பிரித்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாமே என்றார். வேண்டாம், இதற்கு ஒருவர் வர வேண்டும் என்றேன்.

நான் திறக்கவில்லை. எனக்கும் விரல் சும்மா இல்லை, இத்தனை நாள் உங்களைத்தான் குறை சொன்னேன். ஆனாலும் திறக்கவில்லை.

வாருங்கள். உருப்பெருக்கி இங்கே நன்றாக இருக்கிறது, இரண்டு பேர் மாறி மாறிப் பார்க்கலாம். இருப்பீர்களா, போவீர்களா, நான் திரும்புவேனா என்பதெல்லாம் எனக்கும் தெரியாது. முதலில் உள்ளே யார் இருந்தார்கள் என்று பார்ப்போம்.

வரும்போது என் நோட்டைக் கொண்டுவாருங்கள். அன்று நான்காம் பக்கத்தோடு நிறுத்திவிட்டீர்கள். ரயிலில் இரண்டு நாள் இருக்கிறது, மீதியைப் பார்க்கலாம்.

இத்துடன் இழுப்பறைச் சாவி. ஏழு வினாடிப் பூட்டுதான், தெரியும். இருந்தாலும் சாவி.

நான்தான்